கழுத்தில் டயலைசிஸ் லைன்: எதற்குப் பயப்பட வேண்டும், எப்போது பயப்பட வேண்டும்

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா வேளாண்மைக்காரர். வயலில் இறங்கி வேலை செய்த பிறகு கடுங்காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் உளைவு. எலிக்காய்ச்சல் என்று வாட்டில் மறித்துவிட்டார்கள். சலம் போவது குறைந்து, சிறுநீரகம் கெட்டதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறி, இப்போது டயலைசிஸ் செய்ய வேண்டிய கட்டம். அதற்குக் கழுத்தில் லைன், அதாவது பெரிய நாளத்துக்குள் போகும் குழாய், போட வேண்டும் என்று ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தாளில் நுரையீரலைச் சுற்றிக் காற்று, இரத்தப் பெருக்கு, கிருமித் தொற்று, உயிராபத்து என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஊரில் இன்னொருவருக்கு இதே லைனில் கிருமி ஏறி மோசமான கதையும் காதில் விழுந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, கழுத்தில்தான் போட வேண்டுமா, காலில் போட்டால் பயமில்லையா, போட்ட பிறகு நாங்கள் என்ன கவனிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

நான் கிழக்கில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மயக்க மருந்து வைத்தியராக வேலை செய்கிறவன். இந்த லைன் போடுவது எங்கள் அன்றாட வேலை. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆகவே வாட்டில் உள்ள வைத்தியர் சொல்வதுதான் முதல். ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தங்கச்சி, கையெழுத்துப் போடுங்கள். எலிக்காய்ச்சலில் கெட்ட சிறுநீரகம் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். அதுவரைக்கும் ஆளைத் தாங்கிப் பிடிக்கத்தான் டயலைசிஸ். லைன் வேண்டாம் என்று இழுத்தடிக்கிற ஒவ்வொரு நாளும் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் சேரும். அந்த ஆபத்து லைனின் ஆபத்தைவிடப் பெரிது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டார் எல்லாருடைய பயமும் ஊசி குத்துகிற அந்த அரை மணித்தியாலத்தில்தான் இருக்கும். லைன் போட்டாயிற்று என்று கேட்டதும் பெருமூச்சு விட்டு ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் கவலை அங்கேயிருந்துதான் ஆரம்பம். குத்தும்போது நடக்கும் பிழைகளைப் பார்த்துக்கொள்ள ஸ்கான் இருக்கிறது, மொனிட்டர் இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். பிறகு வரும் நாட்களில் லைனோடு இருப்பது அப்பாவும் நீங்களும் வாட்டு மிஸ்மாரும்தான்.

சரி, ஏன் கழுத்து? கையில் போடும் சாதாரண கனுலாவால் டயலைசிஸ் மெஷினுக்குப் போதுமான இரத்தம் தர முடியாது. மெஷின் ஒரு நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல் இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கை நாளத்திலிருந்து அப்படி இழுத்தால் நாளம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய நாளத்துக்குள் குழாய் போக வேண்டும். ஐ.சீ.யூவில் மருந்து ஏற்றப் போடும் சாதாரண லைன் 2 மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். டயலைசிஸ் லைன் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு. இந்தத் தடிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல விஷயங்களுக்கு அதுதான் காரணம்.

இதயத்துக்குப் பக்கம் வரைக்கும் குழாய் போவதைக் கேட்டாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். 1929-இல் ஜேர்மனியில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், மேலிடத்தார் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், தன் கை நாளத்தாலேயே ஒரு குழாயை இதயம் வரை தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்தார். அன்றைக்கு அவருக்குத் திட்டு, 1956-இல் நோபல் பரிசு. இப்போது நாங்கள் செய்யும் முறை 1953-இல் சுவீடன் நாட்டு செல்டிங்கர் கொண்டுவந்தது. முதலில் மெல்லிய ஊசி, அதற்குள்ளால் ஒரு கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலால் குழாய். மூன்றே படி. சிக்கல்களும் அந்த மூன்று படியிலும் ஒவ்வொரு விதமாக ஒளிந்திருக்கின்றன.

கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலக் கழுத்தைக் குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைப்பார்கள். துடைத்துவிட்டு அது காயும் வரைக்கும் ஒன்றும் செய்யாமல் நிற்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘ஏன் சும்மா நிற்கிறார்கள்’ என்று இருக்கும். காய்ந்தால்தான் மருந்து வேலை செய்யும். பிறகு தலையிலிருந்து கால் வரை பெரிய பச்சைத் துணி. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏனென்றால் முகம் மூடப்பட்டதும் மூச்சு முட்டுகிறது என்று கையைத் தூக்குகிறவர்கள் அதிகம், அந்தக் கை துணிக்குள்ளால் வந்து ஊசி பிடித்த கையைத் தட்டிவிடும். விறைப்பூசி போடும்போது மட்டும் எரிவு இருக்கும். அதற்குப் பிறகு அழுத்தம்தான் தெரியும், வலி பெரிதாக இராது.

கழுத்தில் அந்த நாளத்துக்கு ஒட்டினாற்போல் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி ஓடுகிறது. ஸ்கான் கருவியை வைத்துப் பார்த்தால் திரையில் இரண்டும் கறுப்பு வட்டங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கருவியால் மெல்ல அமர்த்தினால் நாளம் நசுங்கித் தட்டையாகும், நாடி உருண்டையாகவே நின்று துடிக்கும். எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு மாணவனுக்கு ஒரே நிமிடத்தில் காட்டிக் கொடுக்கக்கூடியது இது. முன்பெல்லாம் எலும்பையும் தசையையும் விரலால் தடவி அடையாளம் பிடித்துத்தான் குத்தினோம். கழுத்தில் நாளம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, சிலருக்கு நாடியின் மேலேயே ஏறிக் கிடக்கும்.

நாடியில் குத்துப்பட்டால்? மெல்லிய ஊசி மட்டும் பட்டிருந்தால் பெரும்பாலும் பெரிய விஷயமில்லை. ஊசியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அமர்த்திப் பிடித்தால் நின்றுவிடும், கழுத்தில் கொஞ்சம் கன்றிப்போயிருக்கும். ஊசிக்குப் பின்னால் அந்தத் தடித்த குழாயும் நாடிக்குள் போய்விட்டால் கதை வேறு. அப்படி ஆனால் உடனே இழுத்து எடுக்கக்கூடாது. எடுத்தால் 4 மில்லிமீற்றர் ஓட்டை, கழுத்துக்குள் இரத்தம் பாய்ந்து மூச்சுக்குழாயை நெரிக்கும். இருந்தபடியே விட்டுவிட்டு இரத்தக் குழாய் அறுவை நிபுணரை அழைக்க வேண்டும். இளம் வைத்தியர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், பதற்றத்தில் கை தானாக இழுக்கப் போகும். இரத்தத்தின் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. பிரஷர் விழுந்து, ஒட்சிசன் குறைந்து கிடக்கும் நோயாளியின் நாடி இரத்தமும் கறுத்துத்தான் வரும். ஆகவே குழாயை ஏற்றுமுன் கம்பி நாளத்துக்குள்தான் கிடக்கிறதா என்று ஸ்கானில் இன்னொரு தரம் பார்ப்பது, அழுத்தத்தை அளப்பது.

கம்பி உள்ளே போகும்போது அதன் நுனி இதயச் சுவரைத் தொட்டால் மொனிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடும். கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் அநேகமாகத் தானாகச் சரியாகும். கம்பியின் வால் எப்போதும் ஒரு கையில் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் குழாயோடு சேர்ந்து உள்ளே போய்விடும். உலகத்தில் நல்ல நல்ல ஆஸ்பத்திரிகளிலும் நடந்திருக்கிறது, நடக்கவே கூடாத பிழை என்ற பட்டியலில் இருப்பது. அதனால்தான் முடிவில் ‘கம்பி வெளியில் வந்ததா’ என்று மிஸ் உரத்துக் கேட்பார்.

நுரையீரல் விஷயம் தாளில் முதலாவதாக எழுதியிருந்ததால் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கு மேலாகவும் எட்டிப் பார்க்கிறது. ஊசி அதைத் தொட்டால் காற்றுக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் சேரும், நுரையீரல் சுருங்கும். காறை எலும்புக்குக் கீழே குத்தும் முறையில் இது கூட, கழுத்தில் குறைவு. பிரான்சில் 10 ஐ.சீ.யூக்களில் 3000-க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டிய அளவுக்குப் போனது காறைக்குக் கீழே குத்தியதில் 1.5 சதவீதம், கழுத்தில் 0.5 சதவீதம். தொடையில் அந்தப் பயமே இல்லை. அப்படி வந்தாலும் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. லைன் போட்ட பிறகு எக்ஸ்ரே எடுப்பதற்கு இது ஒரு காரணம், குழாயின் நுனி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது மற்றக் காரணம். சில நேரம் காற்று மெதுவாகச் சேரும், முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. அன்றிரவு அப்பாவுக்கு நெஞ்சு குத்தினால், மூச்சு வாங்கினால், ‘முதல் படம் நல்லம்தானே’ என்று பேசாமல் இருக்க வேண்டாம், சொல்லுங்கள்.

வலப்பக்கம் ஏன் என்று சிலர் கேட்பார்கள். வலக் கழுத்து நாளம் இதயத்துக்கு நேர்கோட்டில் இறங்குகிறது. இடப்பக்கம் வளைவு அதிகம், நிணநீரைக் கொண்டுவரும் முக்கியக் குழாயும் அங்கேதான் வந்து சேர்கிறது. வலது சரிவராவிட்டால் இடதிலும் போடுவோம், அவ்வளவுதான்.

இரத்தப் பெருக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து நோய்கள் அப்படி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த லைன் தேவைப்பட்டு வருகிறவர்களில் கணிசமானவர்களின் இரத்தம் உறையும் நிலையில் இருக்காது. எலிக்காய்ச்சலில் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணு, எண்ணிக்கையில் விழும். வடகீழ் மாரி பெய்து ஓயும் கையோடு டெங்கு வரும், அதிலும் பிளேட்லெட் விழும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கு இரத்தம் உறையவே உறையாது, சிறுநீரகமும் கூடவே படுக்கும். பாம்புக் கடிக்கு நாங்கள் செய்யும் சோதனை மிக எளியது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் மேசையில் வைத்து, பிறகு சரித்துப் பார்ப்பது. கட்டியாகியிருந்தால் நல்லம். தண்ணியாக ஓடினால் விஷமுறிவு மருந்து கொடுத்து இரத்தம் உறையத் தொடங்கும் வரைக்கும் கழுத்தையும் நெஞ்சையும் தொடாமல் இருப்பது புத்தி. பொறுக்கவே முடியாத அவசரமென்றால், அமர்த்திப் பிடிக்கக்கூடிய இடத்தில் மட்டும் குத்த வேண்டும். காறை எலும்புக்குக் கீழே குத்தினால் அங்கே விரலால் அமர்த்த வழியில்லை, எலும்பு மறைக்கும்.

டெங்குவில் நாங்கள் கூடியமட்டும் இந்த லைனைத் தவிர்த்து, கை கனுலாவோடு சமாளிக்கப் பார்ப்போம். உங்கள் அப்பாவின் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘பிளேட்லெட் எவ்வளவு, லைன் போடுமுன் ஏற்றப் போகிறீர்களா?’ பிளேட்லெட் 50,000-க்குக் கீழே கிடந்தவர்களுக்கு, முன்கூட்டி ஏற்றாமல் போட்டபோது இரத்தக் கசிவு கூடியது என்று 2023-இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வு காட்டியது. அதற்காக எல்லாருக்கும் ஏற்ற வேண்டும் என்றில்லை. எத்தனைக்குக் கீழே ஏற்றுவது என்பது ஸ்கான் பிடிக்கும் கையின் அனுபவம், குழாயின் தடிப்பு, இரத்த வங்கியில் அன்றைக்கு இருப்பது எல்லாவற்றையும் பார்த்து எடுக்கும் முடிவு.

எண்ணிக்கையாகக் கேட்டால், 2003-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த பிரபலமான கட்டுரை, இந்த லைன் போட்டவர்களில் 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு சிக்கல் வருவதாக எழுதியது. சிறிய கன்றலும் அதற்குள் சேர்த்திதான். 2024-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு, லைன் மூன்று நாள் இருந்தால் பெரிய சிக்கல் வருவது 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு என்று கணித்தது. ஸ்கான் வைத்துப் போட்டால் நாடியில் குத்துவது ஐந்தில் ஒன்றாகவும், நுரையீரல் காற்று நாலில் ஒன்றாகவும் குறைவதாக அதே ஆய்வு சொல்கிறது. டயலைசிஸ் லைன் தடிப்பானது, நாளும் கூட இருக்கும், ஆகவே அந்த 3 என்பதை அப்படியே எடுத்து அப்பாவுக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் திசை தெரிகிறது. கையெழுத்துப் போடுமுன் ‘ஸ்கான் பார்த்துத்தான் போடுகிறீர்களா’ என்று கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

காலில் போடலாமா என்ற கேள்வி நல்ல கேள்வி. தொடை மடிப்பு அழுக்கான இடம், அங்கே போட்டால் கிருமி நிச்சயம் என்றுதான் நாங்கள் படித்தோம். பிரான்சில் டயலைசிஸ் லைன்களை மட்டும் வைத்து 2008-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டியது. மொத்தமாகப் பார்த்தால் கழுத்துக்கும் தொடைக்கும் தொற்றில் பெரிய வேறுபாடு இல்லை. உடம்பு பருத்தவர்களுக்குத்தான் தொடையில் தொற்றுக் கூடியது. குத்திய இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கட்டியது தொடையை விடக் கழுத்தில் கொஞ்சம் கூட. ஆகவே மூச்சு வாங்கி நேராகப் படுக்க முடியாத ஆளுக்கு, இரத்தம் உறையாத ஆளுக்கு, தொடை நல்ல தெரிவுதான். எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் இரத்தம் கசியும் ஒரு வகை உண்டு, அப்படிப்பட்டவரைத் தலை தாழ்த்திப் படுக்கப்போடுவது கொடுமை. அவருக்கு நான் தொடையைத்தான் பார்ப்பேன். ஆனால் தொடையில் லைன் இருந்தால் எழுந்து நடக்க முடியாது, கால் நாளத்தில் இரத்தக்கட்டி வரும் வாய்ப்பும் இருக்கிறது, எங்கள் வெக்கையில் வேர்வைக்கு அந்தப் பிளாஸ்டர் நிற்கவே நிற்காது. நாலைந்து நாளைக்குத்தான் அது சரி. கழுத்து லைன் இரண்டு கிழமை வரைக்கும் ஓடும். அதற்கு மேல் தேவையென்றால் தோலுக்கடியில் சுரங்கம் மாதிரிக் கொண்டுபோய் நெஞ்சில் வெளியே எடுக்கும் நீண்டகால லைன் இருக்கிறது.

இப்போது கிருமி. ஊரில் நீங்கள் கேள்விப்பட்ட கதை இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகளே குழாயின் வெளிப்புறம் வழியாகவோ, மூடியைத் திறந்து பூட்டும்போது குழாயின் உட்புறம் வழியாகவோ இரத்தத்துக்குள் இறங்குகின்றன. குழாயின் மேல் ஒரு வழுக்கல் படலமாகப் படிந்துவிட்டால் அன்டிபயோட்டிக் எட்டுவது கஷ்டம், பல நேரம் லைனையே எடுக்க வேண்டி வரும். இரத்தத்தில் ஓடும் கிருமி இதய வால்வில், முதுகெலும்பில் போய் உட்காரலாம்.

இதைக் குறைக்க விலை கூடிய மருந்தோ புது மெஷினோ தேவைப்படவில்லை என்பதை 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. நூறுக்கு மேற்பட்ட ஐ.சீ.யூக்களில் ஐந்தே விஷயம் கடைப்பிடித்தார்கள்: கை கழுவுவது, நோயாளியை முழுதாக மூடி மாஸ்க், கவுன், கையுறையோடு போடுவது, குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, கூடியமட்டும் தொடையைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. ஒன்றைத் தவறவிட்டால் வைத்தியரை நிறுத்த தாதியருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. ஐந்திலும் கடைசி விஷயம்தான் எங்கும் அதிகம் தவறுவது. லைன் இருந்தால் இரத்தம் எடுக்க வசதி, மருந்து ஏற்ற வசதி என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போகும். நீங்கள் அங்கே நிற்கிறவர்தானே, சலம் திரும்பப் போகத் தொடங்கிய பிறகு வாட்டு ரவுண்டில் ஒரு வார்த்தை கேட்கலாம்: ‘டொக்டர், இந்த லைன் இன்னும் தேவையா?’ மரியாதையாகக் கேட்டால் அது உதவிதான்.

இன்னொன்று, டயலைசிஸ் லைனை டயலைசிசுக்கு மட்டும்தான் பாவிக்க வேண்டும். வெளியே தொங்கும் இரண்டு வாலிலும் இரத்தம் கட்டாமல் இருக்க ஹெபரின் அடைத்து வைத்திருப்பார்கள். விஷயம் தெரியாத யாராவது அதற்குள்ளால் மருந்தைத் தள்ளினால் அந்த ஹெபரின் முழுதும் உடம்புக்குள் போகும், மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் கிருமிக்கும் வாசல். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், அல்லது இரவில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் அதைத் தொடப் போனால், ‘இது டயலைசிஸ் லைன்’ என்று நீங்களே சொல்லலாம்.

தற்காலிக லைனோடு வீட்டுக்கு அனுப்புவது பொதுவாக நல்லதல்ல. ஆனாலும் கட்டில் நெருக்கடியில் நடப்பதுண்டு, நீண்டகால லைன் என்றால் வீட்டில்தான் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் வீட்டு விஷயத்தையும் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையோடு ஊற்றினால்தான் குளித்த மாதிரி இருக்கும். லைன் எடுக்கும் வரைக்கும் அது கிடையாது. நெஞ்சுக்குக் கீழே ஊற்றலாம், மேலே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், தலையை வேறொருவர் பின்னால் சாய்த்துப் பிடித்துக் கழுவிவிடட்டும். வாவி, குளம், கடல் ஒன்றும் வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகித்தான் ஆக வேண்டும் என்று நிற்கிறவரைப் பார்த்திருக்கிறேன். வருகிற வருடமும் ஆடி வரும் என்று சொல்லி நிறுத்துங்கள். காய்ச்சல்காரருக்குத் தண்ணி ஓதித் தெளிப்பது எங்கள் ஊர் வழக்கம், தெளிப்பவர் காலில் தெளிக்கட்டும். விபூதி, சந்தனம் நெற்றியோடு நிற்கட்டும், கழுத்துக்கு இறங்க வேண்டாம். சங்கிலி, மந்திரித்த நூல் எதுவானாலும் கையில் கட்டிக்கொள்ளலாம். முஸ்லிம் வீடுகளில் வாப்பாமார் தொழுகைக்கு முன் கழுவி வுழுச் செய்யும்போதும் பிளாஸ்டர் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேர்வையில் பிளாஸ்டர் ஓரம் கிளம்பினால் வீட்டில் புதுப் பிளாஸ்டர் ஒட்டி மூட வேண்டாம், டயலைசிஸ் யூனிட்டுக்குப் போய் முறையாக மாற்றச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால், சிறப்பாக டயலைசிஸ் மெஷினில் பூட்டிய கொஞ்ச நேரத்தில் உதறி உதறி நடுங்கினால், அது லைன் கிருமி என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பரசிட்டமோல் கொடுத்து விடியட்டும் என்று பார்த்திருப்பதுதான் பலரைக் கெடுக்கிறது. அதுவும் மாரியில் வெள்ளம் வந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாதைகள் மூடும் காலமென்றால், மழை கடுக்கும் என்று தெரிந்ததும் கிழக்கே எழுவான்கரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு முன்கூட்டியே மாறி இருப்பது நல்லது. லைன் உள்ள பக்கம் கழுத்தோ கையோ முகமோ வீங்கினாலும் காட்ட வேண்டும், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம்.

குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் ஆளை நேராகப் படுக்க வைத்து, சுத்தமான துணியால் துளையை விடாமல் அமர்த்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். உட்கார வைக்க வேண்டாம். காரணம் இரத்தம் மட்டும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது மூச்சை உள்ளிழுத்தால் கழுத்து நாளத்துக்குள் இழுவை உண்டாகும், அந்தத் துளையால் காற்று உறிஞ்சப்பட்டு இதயத்துக்குப் போகும். மூடி கழன்றால் வாலில் உள்ள கிளிப்பை உடனே நசுக்கிப் பூட்டுங்கள், அதே பயத்துக்காகத்தான்.

ஆஸ்பத்திரியில் லைன் எடுக்கும்போதும் இதே விதி. போடுவதற்கு அத்தனை ஆயத்தம் செய்தவர்கள், எடுப்பது சின்ன வேலைதானே என்று கதிரையில் இருக்கவைத்து இழுத்தால் காற்றுப் போகும். படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி அல்லது வெளியே விடச் சொல்லி, அந்த நேரத்தில் எடுத்து, உடனே அமர்த்தி, காற்றுப் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அரை மணித்தியாலம் படுக்க வைக்க வேண்டும். எடுத்த கையோடு அப்பா எழுந்து உடுப்பு மாற்றப் போனால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

அப்பாவின் சிறுநீரகம் முழுதாகத் திரும்பினால் கழுத்தில் ஒரு சின்னத் தழும்போடு கதை முடியும், பெரும்பாலும் அப்படித்தான் முடியும். திரும்பாமல் நீண்டகால டயலைசிஸ் என்று வந்தால், லைனிலேயே காலம் தள்ள நினைக்காமல் கையில் பிஸ்டுலா (நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சின்ன அறுவை) செய்வதற்குச் சீக்கிரமே நாள் கேளுங்கள். அது பாவனைக்கு வர ஒன்றிரண்டு மாதமாவது எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. அதுவரை எழுதாத கையின் முழங்கைக்கு மேலும் கீழும் இரத்தம் எடுக்கவோ கனுலா போடவோ விட வேண்டாம், புறங்கையோடு நிற்கச் சொல்லுங்கள். காறை எலும்புக்குக் கீழே லைன் போடுவதை டயலைசிஸ்காரருக்கு நாங்கள் தவிர்ப்பதும் இதற்காகத்தான், அங்கே நாளம் சுருங்கிவிட்டால் அந்தப் பக்கக் கையில் பிஸ்டுலா சரிவராமல் போகலாம். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், எந்தப் பக்கம் லைன் போட்டது, எந்தத் திகதி, எந்தக் கையைத் தொடக்கூடாது என்று எழுதி வையுங்கள். வாட்டில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், கொப்பி மாறாது.